பதினைந்து நிமிடம் எதற்கு, டீச்சர்?

கேள்வி:

அன்புள்ள அம்மாவுக்கு,

பெரம்பூர்ப் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் கணக்குப்பதிவியல் நடத்துகிறேன். தமிழ் வழி, வணிகவியல் பிரிவு. 2024 ஜூனில் பிளஸ் ஒன் சேர்ந்த 42 பேருக்கு நான்தான் கிளாஸ் டீச்சர். பிளஸ் டூவுக்கும் அவர்கள் பின்னாலேயே என்னை அனுப்பிவிட்டார்கள். ஒரே செட்டோடு இரண்டு வருடம் இருந்தது எனக்கு இதுதான் முதல் தடவை. பொதுத்தேர்வுக்கு முன்னால் ஃபேர்வெல் வைக்கிறார்கள். "உங்க செட்டு, நீங்கதான் பேசணும், பதினைஞ்சு நிமிஷம்" என்று ஹெச்.எம். சொல்லிவிட்டார். நாலு நாளாக எழுதுகிறேன், கிழிக்கிறேன். எதை எழுதினாலும் தினசரி காலண்டர் தாளில் போடும் பொன்மொழி மாதிரியே வருகிறது.

இன்னொன்றும் உண்டு. 42 பேரில் இப்போது 41 பேர்தான். ஒரு பெண் பிளஸ் ஒன் அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு வரவில்லை. அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்றாள். இரண்டு முறை ஃபோனை எடுத்தாள், அப்புறம் நம்பர் மாறிவிட்டது. நான் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். ரிவிஷன் முடியட்டும், மார்க் ஏற்றி முடிக்கட்டும் என்று தள்ளிப்போட்டேன். போனபோது வீடு மாறியிருந்தார்கள். இப்போது பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ரெடிமேட் கடையில் நிற்கிறாளாம், தோழிகள் சொல்கிறார்கள். இதை வைத்துக்கொண்டு மேடையேறி "உங்களையெல்லாம் கரை சேர்த்தேன்" என்று எப்படிச் சொல்வது? அவளைப் பற்றி எல்லோர் முன்னாலும் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிடலாமா என்று தோன்றுகிறது.

"ஜூன்ல அடுத்த செட் வந்துடும், இதுக்குப் போய்..." என்கிறார் என் கணவர். எனக்கு மட்டும்தான் இப்படி இருக்கிறதா?

– பெயர் வேண்டாம், சென்னை-11

பதில்:

டீச்சர்,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். உங்களுக்கு மட்டும் இல்லை. 33 வருடம் வேதியியல் நடத்தியவள் நான். மார்ச் மாதம் கடைசிப் பரீட்சை முடிந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் இங்க்கும் ஸ்கெட்ச் பேனா கையெழுத்துமாகப் பிள்ளைகள் கேட்டைத் தாண்டிப் போன பிறகு, லேபில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பேன். அட்டெண்டர் வந்து "பூட்டணும்மா" என்று சொல்லும்வரை. உங்கள் கணவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அவர் சொல்வதும் பொய்யில்லை. ஜூனில் நிச்சயம் வருவார்கள். ஆனால் ஜூன் வருவதற்குள் மூன்று மாதம் இருக்கிறதே, அது அவருக்குத் தெரியாது.

இப்போது பேச்சுக்கு வருவோம்.

பதினைந்து நிமிடம் வேண்டாம் என்று ஹெச்.எம்.மிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும். மிச்சப் பத்து நிமிடத்தை நிரப்ப அந்த மேடையில் ஆளா இல்லை?

நன்னூலின் பாயிரத்தில், ஆசிரியராக இருக்கத் தகாதவர்களுக்குப் பவணந்தி முனிவர் நான்கு உவமை சொல்கிறார். தமிழாசிரியர்களுக்கு மனப்பாடமாகவே தெரியும், நம்மைப் போன்றவர்களுக்காக ஒரு முறை சொல்கிறேன். கழற்குடம்: கழற்சிக்காய் போட்டு வைத்த குடம். கவிழ்த்தால் போட்ட வரிசையில் வராது, முன்னும் பின்னுமாகக் கொட்டும். மடற்பனை: கருக்கு மட்டையால் யாரையும் ஏற விடாது, பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. பருத்திக் குண்டிகை: பஞ்சு அடைத்த குடுக்கை. உள்ளே போவதும் கொஞ்சம் கொஞ்சம், வெளியே வருவதும் கொஞ்சம் கொஞ்சம். முடத்தெங்கு: தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் இங்கே இருக்க, வளைந்து போய் அடுத்தவன் கொல்லையில் காய் போடும் தென்னை.

ஃபேர்வெல் மேடையில் இந்த நான்கு பேரையும் வருடா வருடம் பார்த்திருக்கிறேன். இரண்டு வருடத்து அறிவுரையையும் ஒரே மூச்சில் கவிழ்ப்பவர் கழற்குடம். மைக்கைப் பிடித்துக்கொண்டு "அதாவது... என்னன்னா..." என்று பஞ்சு பஞ்சாக இழுப்பவர் குண்டிகை. முடத்தெங்குதான் அதிகம். பேசுவது பிள்ளைகளுக்கு என்று பெயர், ஆனால் காய் விழுவது முன்வரிசையில் சால்வையோடு உட்கார்ந்திருக்கும் தாளாளர் மடியில்.

நானும் ஒரு வருடம் கழற்குடமாக இருந்திருக்கிறேன். முழுத்தாள் நான்கு, இரண்டு பக்கமும் எழுதி, ஆறு குறளோடு பேசினேன். மைக் விசில் அடித்தது. பிள்ளைகள் என்னைப் பார்க்கவில்லை, என் பின்னால் மேசையில் இருந்த பப்ஸ் அட்டைப்பெட்டியைப் பார்த்தார்கள். பல வருடம் கழித்து 29சி பஸ்ஸில் கண்டக்டர் "மிஸ்!" என்றான். அந்த செட்டில் படித்தவன். "நீங்க டிக்கெட் எடுக்க வேணாம் மிஸ்" என்றான் பெருமையாக. சாதா பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்கள் யாருமே காசு கொடுக்க வேண்டாம் என்பதை நானும் நினைவுபடுத்தவில்லை, அவனும் சிரித்துக்கொண்டே இலவசச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தான். ஃபேர்வெல் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். "பப்ஸ் ஞாபகம் இருக்கு மிஸ். சூடா இருந்துச்சு." அப்புறம், ஓட்டேரி வருவதற்குள், நான் மறந்தே போன ஒன்றைச் சொன்னான். மாடல் ப்ராக்டிகல் அன்று பிப்பெட்டை உடைத்துவிட்டானாம். உடைத்தால் காசு கட்ட வேண்டும் என்ற பயத்தில் நின்றானாம். நான் கண்ணாடித் துண்டுகளைப் பழைய பேப்பரில் சுருட்டி, என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, ஒன்றும் பேசாமல் அடுத்த மேசைக்குப் போனேனாம். எனக்குச் சுத்தமாக நினைவில்லை. ஆறு குறளைவிட அந்தப் பேப்பர் பொட்டலம் அவனிடம் பத்திரமாக இருக்கிறது.

ஆகவே என் யோசனை இதுதான். அறிவுரை வேண்டாம். 41 பெயரையும் சொல்லுங்கள், ஒவ்வொரு பெயருக்கும் நீங்கள் பார்த்த ஒன்றை ஒரே வரியில் சொல்லுங்கள். ஒருவருக்கு ஆறு விநாடி என்றால் 246 விநாடி. நாலு நிமிடத்துக்குச் சற்று மேலே. கணக்குப்பதிவியல் டீச்சருக்கு நான் கூட்டிக் காட்ட வேண்டாம்.

எப்படிப்பட்ட வரி? இருப்பாய்வு (டிரயல் பேலன்ஸ்) இரண்டு பக்கமும் சமமாக வராவிட்டால், வித்தியாசத்தைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் அனாமத்துக் கணக்கில் தள்ளாமல், மணி அடித்த பிறகும் அந்த முப்பது ரூபாயைத் தேடிக்கொண்டிருப்பான் இல்லையா ஒருவன், அது. கரண்ட் போனதும் யாரும் சொல்லாமலே எழுந்து ஜன்னலைத் திறப்பவள். டிசம்பர் மழையில் வகுப்பு வாசலில் செருப்புகளைக் காலால் ஒதுக்கி வழி செய்பவன். சாக்பீஸ் தீரப்போகிறது என்று உங்களுக்கு முன்னால் தெரிந்துவைத்திருப்பவள். மார்க்கைச் சொல்லாதீர்கள். அப்பா தொழில், வீட்டு நிலைமை, பட்டப்பெயர், உடம்புவாகு, யார் யாரைப் பார்த்தார்கள் என்ற கிசுகிசு, எதுவும் வேண்டாம். நல்லாசிரியருக்கு நன்னூல் சொல்லும் உவமைகளில் நிறைகோல் ஒன்று, தராசு. முதல் மார்க் வாங்கும் பிள்ளைக்கு மூன்று வரி, கடைசி பெஞ்சுக்கு அரை வரி என்று போனால் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைப் பிள்ளைகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

இதில் ஒரு கஷ்டம் இருக்கிறது. வருகைப்பதிவேட்டை எடுத்து மேலிருந்து எழுதிக்கொண்டே வாருங்கள். கெட்டிக்காரர்களுக்கு வரி உடனே வரும். சேட்டைக்காரர்களுக்கு அதைவிட வேகமாக வரும். நடு பெஞ்சுக்கு வந்ததும் பேனா நிற்கும். ஐந்தாறு பெயர் இருக்கும், "நல்ல பிள்ளை" என்பதைத் தவிர ஒன்றுமே தோன்றாது. இரண்டு வருடம் தினமும் "உள்ளேன் மிஸ்" என்று சொன்ன பிள்ளைகள். எனக்கு ஒவ்வொரு வருடமும் அப்படிச் சில பேர் இருந்தார்கள், வெட்கமாகத்தான் இருக்கும். அந்தப் பெயர்களைத் தனியாக ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபேர்வெல்லுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ரிவிஷன் டெஸ்ட் நடக்கும்போது மேசைக்குப் போகாமல் அவர்கள் பெஞ்ச் ஓரத்தில் போய் உட்காருங்கள். ஒரு வாரம் கவனித்தால் வரி கிடைத்துவிடும். "நல்ல பிள்ளை" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அந்த வார்த்தை யாரையும் குறிப்பதில்லை.

ஆரம்பத்தில் மொத்த செட்டுக்குமாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், இவர்களுக்கென்றே உள்ள விஷயம் இரண்டு இருக்கிறது. நேராக வந்த பிள்ளைகள் ஏழாம் வகுப்பு முழுவதையும் ஃபோனிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் கழித்தவர்கள். எட்டாம் வகுப்புக்குப் பள்ளி திறந்ததே 2021 நவம்பர் 1-ஆம் தேதிதான். இரண்டாவது, 2018-இல் தொடங்கிய பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எழுதிய கடைசி செட் இவர்கள். அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள். "உங்க ஜூனியர்ஸ் தப்பிச்சாங்க, நீங்க மாட்டிக்கிட்டீங்க" என்று ஆரம்பியுங்கள், ஹாலே கத்தும். அந்தச் சத்தம் அடங்கியதும் முதல் பெயர்.

மேடையில் அழுகை வந்தால் அழுங்கள். ரீல்ஸ் எடுப்பார்கள், எடுக்கட்டும்.

இனி அந்தப் பெண்.

மேடையில் மன்னிப்புக் கேட்காதீர்கள். கண்டிப்பாக வேண்டாம். அவளுக்குச் சேர வேண்டிய வார்த்தை, அவள் இல்லாத இடத்தில், மற்ற 41 பேர் மடியில் விழும். அதுவும் முடத்தெங்குதான். நீங்கள் அழுவீர்கள், அவர்கள் கைதட்டுவார்கள், சாயங்காலத்துக்குள் அந்த வீடியோ அவள் ஃபோனுக்குப் போய்ச் சேரும். கடையில் வாடிக்கையாளருக்கு சைஸ் எடுத்துக் காட்டிக்கொண்டே, தன் வீட்டுக் கஷ்டம் பள்ளிக்கூட ஹாலில் ஓடியதை அவள் பார்ப்பாள்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு வருடம் சால்ட் அனாலிசிஸில் (கொடுத்த உப்பு எது என்று கண்டுபிடிக்கும் ப்ராக்டிகல்) திரும்பத் திரும்பத் தப்பாகச் சொன்ன ஒரு பெண்ணிடம், வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, "இதுக்கு நீ காமர்ஸே எடுத்திருக்கலாம்" என்று சொன்னேன். (உங்கள் பிரிவை மட்டமாகப் பேசியதற்கு உங்களிடமும் மன்னிப்பு.) ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் புரசைவாக்கத்தில் சர்க்கரை பார்க்க ரத்தம் கொடுக்கப் போனேன். எடுக்க வந்தவள் அவள்தான். லேப் டெக்னீஷியன். ஊசி உள்ளே இருக்கும்போது, சாதாரணமாக, நான் சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே ஒப்பித்தாள். எந்தக் கிழமை என்றுகூடச் சொன்னாள். பிப்பெட்டை மறந்தது போலவே இதையும் நான் மறந்திருந்தேன். "தப்பும்மா, நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். வேறு என்ன சொல்வது? "பரவால்ல மிஸ். பஞ்சை அழுத்திப் பிடிங்க, கையை மடக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான். பக்கத்தில் யாரும் இல்லை. அவள் மன்னித்தாளா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அதைச் சொல்லச் சொல்லி அவளை நெருக்க எனக்கு என்ன பாத்தியதை?

நீங்களும் நேரில் போங்கள். ஃபேர்வெல்லுக்கு முன்னாலேயே போங்கள். பேச்சைவிடச் செய்த காரியம்தான் நிற்கும். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் 1880-இல் பணியிலிருந்து விலகியபோது, தன் இடத்தில் உ.வே. சாமிநாதையரை உட்காரவைக்க அவரே முயற்சி எடுத்தார். இரண்டு பேருமே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். பிற்பாடு மாநிலக் கல்லூரிக்கு வந்து சென்னையிலேயே தங்கிவிட்ட ஐயர், திருவல்லிக்கேணியில் தன் வீட்டுக்கு வைத்த பெயர் தியாகராச விலாசம். செட்டியாரின் பிரிவுரைக்காக அல்ல, அவர் கொடுத்துவிட்டுப் போன நாற்காலிக்காக.

உங்கள் பெண்ணுக்கு நாற்காலி கிடைக்கிறதா பார்ப்போம். கடையில் "நிற்கிறாள்" என்று எழுதியிருக்கிறீர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்தையே திருத்தினார்கள். போகும்போது ஸ்டூல் இருக்கிறதா என்று ஒரு பார்வை பாருங்கள்.

சாயங்காலம் போகாதீர்கள், எம்.சி. ரோட்டில் அந்த நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்க்கவே அவளுக்கு நேரம் இருக்காது. முதலாளி கண்ணும் அவள் மேலேயே இருக்கும். காலை பதினோரு மணி வாக்கில் போய், ஒரு சுடிதார் டாப்ஸாவது வாங்குங்கள். சாப்பாட்டு நேரம் எப்போது என்று கேட்டு வெளியில் காத்திருங்கள். "ஏன் படிப்பை விட்டே?" என்று ஆரம்பிக்காதீர்கள். "அம்மா எப்படி இருக்காங்க?" முதலில் அதுதான். அதற்கு அவள் சொல்லும் பதிலில் மீதி எல்லாம் வந்துவிடும். "நான் அப்பவே வந்திருக்கணும், வரல" என்று ஒரு வரி சொல்லுங்கள். காரணம் அடுக்காதீர்கள். ரிவிஷன், மார்க் ஏற்றுவது எல்லாம் நமக்குத்தான் காரணம், பதினாறு வயதுப் பெண்ணுக்கு இல்லை.

அவள் பத்தாம் வகுப்பு தேறியவள் என்பதை அவளே மறந்திருக்கலாம். ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் அந்த மார்க்‌ஷீட்டுக்குத் திறக்கும் கதவுகள். கிண்டியில் பெண்களுக்கென்றே அரசு ஐடிஐ இருக்கிறது. மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் ஐடிஐ, டிப்ளமோ படிக்கும் பெண்களுக்கும் உண்டு. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் பிறகு நீட்டித்தார்கள். பாதியில் நின்ற அவளுக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். டி.சி. இன்னும் உங்கள் ஆபீஸிலேயே கிடக்கிறதா என்றும் பாருங்கள், பல வீட்டில் அது வாங்காமலே இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் முதல் நாளே கொட்டிவிடாதீர்கள், மறுபடி கழற்குடம். முதல் நாள் உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தாலே பெரிய காரியம். அவள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், சம்பளம் இல்லாமல் அந்த வீடு எப்படி ஓடும் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஒன்றே ஒன்று: கல்யாணப் பேச்சு ஏதாவது காதில் விழுந்தால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள், அவளுக்கு இன்னும் பதினெட்டு ஆகியிருக்காது.

அவளை வாராக்கடன் என்று எழுதி மூடிவிட நினைக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வாடை அடிக்கிறது. எழுதிய பிறகும் வசூலானால் அதைப் பதிவு செய்ய உங்கள் பாடத்திலேயே முறை இருக்கிறதே டீச்சர், ஒவ்வொரு வருடமும் போர்டில் போடுகிறீர்கள்.

தேர்வு முடிவு வரும் நாளை மட்டும் உங்களுக்கென்று ஒதுக்கி வையுங்கள். பாஸானவர்கள் உங்களைத் தேட மாட்டார்கள், ஸ்வீட் கடையைத் தேடுவார்கள். ஒரு பாடத்தில் போனவன் ஃபோனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான். அவன் வீட்டுக்கு அன்றைக்கே போங்கள், இந்த முறை தள்ளிப்போடாமல். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் ரொம்பக் குறைவு, அந்த வருடமே எழுதி அந்த வருடமே கல்லூரிக்குப் போய்விடலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரியாது. பிள்ளை பேசாமல் இருக்கிறான் என்று யாராவது சொன்னால் 104, 14417 என்ற இரண்டு உதவி எண்ணையும் கொடுங்கள். கொடுத்துவிட்டு நீங்களும் பக்கத்தில் இருங்கள்.

குரூப் ஃபோட்டோ எடுத்திருப்பீர்கள். கீழே "நிற்பவர்கள் இடமிருந்து வலம்" என்று பெயர்ப் பட்டியல் அச்சடிப்பார்கள். கடைசியில் "படத்தில் இல்லாதவர்" என்று ஒரு வரி போடலாம், ஸ்டுடியோக்காரர் கூடுதல் காசு கேட்க மாட்டார். அவளிடம் கேட்டுவிட்டு, சரி என்றால் போடுங்கள். இனிஷியலை நாமினல் ரோலைப் (பள்ளியின் மாணவர் பெயர்ப் பட்டியலை) பார்த்துச் சரிபார்த்துக் கொடுங்கள், அதில்தான் எப்போதும் தப்பு விடுவார்கள்.

அப்புறம், பப்ஸ் ஆர்டர். 42 என்று சொல்லுங்கள். ஒன்றைத் தனியாகப் பொட்டலம் கட்டி வையுங்கள். பெரம்பூரிலிருந்து எம்.சி. ரோடு ஒன்றும் ரொம்ப தூரமில்லை, ஆட்டோவில் போனால் சூடு ஆறுவதற்குள் போய்விடலாம்.